சம்பந்தி வீட்டுப் பெயர்கள்

தட்டில் இருந்ததைப் பார்த்ததும் ஞானம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நல்லாதான் இருக்குது," என்றாள் மெதுவாக. "சம்பந்தி வீட்டுல ஒருத்தரை விடல. மொத்தமா அடக்கம் பண்ணிட்டீங்க."

சாமுவேல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். சுட்டால் இறுகும் பாலிமர் க்ளேயில் அவரே செய்த வெள்ளை டேக்குகள். கிறிஸ்துமஸ் பரிசுப் பொட்டலங்களின் மேல் ரிப்பன் கோத்துக் கட்ட வேண்டியவை. ஒவ்வொன்றின் தலையும் வளைவாக இருந்தது. ஓரத்தில் மெல்லிய கோடு, உச்சியில் குட்டிச் சிலுவை, அதன் கீழே ஆழமாக வெட்டிய எழுத்தில் பெயர். அவர் நகக்கண்ணில் இருந்த கல்தூள் வேறு க்ளேயில் கலந்து, அசல் கிரானைட் போலப் புள்ளி விழுந்திருந்தது. நடுநாயகமாக 'அல்போன்ஸ்' என்று சம்பந்தியின் பெயர். பார்த்தால் ஊதுபத்தி கொளுத்தத்தான் கை வரும்.

சாமுவேலைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் தொழிலே அதுதான். அப்பா கோலார் தங்க வயலில் பூமிக்கு அடியில் போய் வேலை செய்தார். பிள்ளை பெங்களூருக்கு வந்து, பூமிக்கு அடியில் போய்விட்டவர்களுக்கு வேலை செய்கிறார். ஓசூர் ரோட்டுக் கல்லறைத் தோட்டத்தில் கல்லில் பெயர் வெட்டுவது அவர்தான். கல் கடை முதலாளி சொல்லும் பெயரை, குனிந்த தலை நிமிராமல் வெட்டிவிட்டு விவேக் நகர் வீட்டுக்கு வந்துவிடுவார். யார் பெற்ற பிள்ளை, யார் கட்டின புருஷன் என்றெல்லாம் கேட்கமாட்டார். கேட்டால் ராத்திரி சோறு இறங்காது.

மகள் ஜெனிஃபருக்கு முதலில் வந்த சம்பந்தம் இதனால்தான் முறிந்தது. கல்லறைக் காசில் வளர்ந்த பெண் வேண்டாம் என்று மாப்பிள்ளையின் அத்தை எழுந்து போய்விட்டாள். ஜெனிஃபர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அதனால் பிரேசர் டவுன் அல்போன்ஸ் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தபோது ஞானம்மாள் முந்திக்கொண்டு, "எங்க வீட்டுக்காரரு கிரானைட் லைன்ல இருக்காரு," என்று சொல்லிவிட்டாள். அவர்களும் மேற்கொண்டு தோண்டவில்லை. கல்யாணம் நடந்தது.

இப்போது மகளுக்குத் தலைக் கிறிஸ்துமஸ். பெண் வீட்டிலிருந்து சீர் போகவேண்டும். புதுத்துணியும் கேக்கும் கல்கல் பலகாரமும் தயார். அந்த நேரம் பார்த்து ஜெனிஃபர் போன் செய்தாள்.

"டாடி, அத்தை ஒண்ணு கேட்டாங்க. பிரசன்ட் மேல கட்டற பேரு டேக்கெல்லாம் க்ளேல நீங்களே கையால பண்ணணுமாம். கடையில வாங்கக் கூடாதாம். எனக்கும் ஏன்னு புரியல. ஆனா டாடி, கல்லறை மேட்டர் மட்டும் தெரியாம பாத்துக்குங்க. தெரிஞ்சா நான் இந்த வீட்டுல தலை நிமிர்ந்து நடக்க முடியாது."

பெற்றவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குப் போய் க்ளே வாங்கி வந்து, சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, தன் சின்ன உளியால் ஆசை ஆசையாக வெட்டினார். வெட்டின லட்சணம்தான் தட்டில் கிடந்தது.

சரி, தலை வளைவுதானே தப்பு என்று அடுத்த முறை நட்சத்திரமாக நறுக்கினார். நட்சத்திரத்தின் நடுவில் பெயரைப் போட்டதும் பட்டாளத்தில் செத்தவர் நினைவுச் சின்னம் போல ஆயிற்று. கொஞ்சம் கலகலப்பாக இருக்கட்டும் என்று சுற்றிலும் பச்சை இலையும் சிவப்புப் பழமும் வைத்தார். ஞானம்மாள் எட்டிப் பார்த்து, மலர்வளையம் யார் அனுப்பினது என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மூன்றாவது முறை எல்லாம் சரியாக வந்தது. மணி வடிவம், மஞ்சள் க்ளே, சிலுவை கிடையாது. அந்தச் சந்தோஷத்தில் அவர் கை தன் பாட்டுக்கு ஓடியது. அல்போன்ஸ் என்று வெட்டி முடித்து, அதன் கீழே இடது பக்கம் 'பிறப்பு' என்றும் வலது பக்கம் 'இறப்பு' என்றும் அழகாக வெட்டி, தேதிக்கு இடமும் விட்டிருந்தது.

சாமுவேல் உளியைக் கீழே போட்டார். உயிரோடு இருப்பவர் பெயரைக் கல்லில் வெட்டக் கூடாது என்பது அவர் தொழிலில் எல்லோரும் பயந்து கடைப்பிடிக்கிற விஷயம். இது கல் இல்லை, க்ளேதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மனசு கேட்கவில்லை. மெல்லிய க்ளேயால் அந்த இரண்டு வார்த்தைகளையும் அடைத்து, விரலால் தேய்த்து மழுப்பி, மாடி வீட்டு ஸ்ரீவித்யாவின் ஓவனில் சுட எடுத்துப் போனார்.

ஸ்ரீவித்யாவின் சமையலறையில் முட்டையே நுழையாது. அவருடைய முதல் கேள்வி, இந்தக் க்ளே வெஜ்தானா என்பது. வெஜ்தான் என்று சாமுவேல் சத்தியம் செய்யாத குறை. பர்வாகில்லா, பரவாயில்லை என்று ஓவனைத் திறந்துவிட்டார். சூடு கொஞ்சம் அதிகம் போலிருக்கிறது. வெளியே எடுத்தபோது அடைத்த க்ளே மட்டும் கருகி, 'இறப்பு' முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. போதாக்குறைக்கு அல்போன்ஸின் குறுக்கே ஒரு விரிசல்.

மறுநாள் காலையில் ஜெனிஃபர் போன் செய்தாள். மாமா பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் விரிசல், மாவுக்கட்டு போட்டிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றாள்.

சாமுவேலுக்கு ஒரு நல்ல மனுஷரைத் தானே கையால் தள்ளிவிட்டது போல இருந்தது. டேக்குகளை எல்லாம் முற்றத்துக்கு எடுத்துப் போய், ஒரு பெயர் மிச்சமில்லாமல் சுத்தியலால் உடைத்துத் தூளாக்கினார். இனி அந்த வீட்டு ஆட்கள் பெயரைத் தன் கை தொடாது என்று ஞானம்மாளிடம் சொன்னார். அவளும் கிண்டல் பண்ணவில்லை. டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஸ்ரீவித்யாவின் மகள் அதிதி கல்லூரி போகிற பெண். விஷயம் கேள்விப்பட்டு, அங்கிள் நான் பண்ணித் தருகிறேன் என்று உட்கார்ந்தாள். ரோஸ் நிறத்தில் கரடிக்குட்டி, தொப்பி போட்ட பென்குயின், வயிற்றில் உருண்டை உருண்டையாகப் பெயர். ஒரு பொழுதில் எல்லாம் முடிந்தது. ஸ்ட்ராவை அழுத்தி ரிப்பனுக்கு ஓட்டை போட்டது மட்டும் சாமுவேல். எந்தக் கோணத்தில் திருப்பிப் பார்த்தாலும் சாவின் வாடை இல்லை. அவருக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை, ஆட்டோவில் சீரோடு பிரேசர் டவுன் போனார்கள். அல்போன்ஸ் மாவுக்கட்டோடு சிரித்துக்கொண்டே வந்து வரவேற்றார். ஜெனிஃபர் தட்டுகளை வாங்கி வைத்தாள். சம்பந்தியம்மா பிலோமினா அதிகம் பேசாதவர். சேலைப் பெட்டியை ஓரம் தள்ளி வைத்துவிட்டு, டேக்குகளை மட்டும் அவிழ்த்து மடியில் பரப்பினார். தன் பெயர் போட்ட பென்குயினை எடுத்தார். திருப்பினார். எழுத்தின் மேல் விரலை ஓட்டினார். முகம் வாடிவிட்டது.

"இது நீங்க பண்ணதா அண்ணா?"

ஜெனிஃபர் அப்பாவைப் பார்த்த பார்வையில் உயிர் இல்லை. "ஆமாம்மா," என்றார் சாமுவேல். "நானேதான். முழுசா என் கையாலதான். கிரானைட் லைன்ல இருக்கறவனுக்கு இதெல்லாம் ஒரு விளையாட்டு மாதிரி."

பிலோமினா நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அங்கே மாலை போட்ட ஒரு போட்டோ. பைக் விபத்தில் போய்ச் சேர்ந்த மூத்த மகன் வின்சென்ட், இருபத்துச் சொச்சம் வயசுச் சிரிப்போடு அதில் இருந்தான்.

"ஓசூர் ரோட்டுல எங்க வின்சென்ட் பேரை நீங்க குனிஞ்சு வெட்டிட்டிருந்தப்ப நான் உங்க பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன் அண்ணா," என்றார். "அதே எழுத்துல எங்க பேரையும், கண்ணு மூடறதுக்கு முன்னாடியே ஒரு தடவை பாத்துடலாம்னுதான் கேட்டேன்."