குகதாசனை விலத்த ஒரு மணி

சிவமயம்

நீர்வேலி தெற்கு

அன்புள்ள மருமகன் பார்த்தீபன் அறிய மாமா சீவரத்தினம் எழுதுவது.

நானும் மாமியும் பிரஷர்க் குளிசையின் தயவில் இங்கே சுகம். நீங்களும் மகள் தாரிகாவும் அந்தச் சுவிஸ் குளிருக்குள் சுகமாயிருக்க முருகன் துணை நிற்பார். தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். முத்திரை ஒட்டாமல் சொன்னால் எனக்கு அது செய்தியாகத் தெரிவதில்லை.

நீங்கள் வாங்கித் தந்த மின்சாரச் சைக்கிள் அருமையாக ஓடுகிறது. துளிச் சத்தமில்லை. பிரச்சினையே அதுதான். அதோடு வந்த ஹோர்ன் மாரி மழையில் நனைந்து ஊமையாகிவிட்டது. எங்கள் ஒழுங்கை எவ்வளவு ஒடுங்கிய பாதை என்பது உங்களுக்குத் தெரியும். அதன் நட்டநடுவால்தான் பக்கத்து வளவுக் குகதாசன் காலையும் மாலையும் குடை பிடித்தபடி நடந்துபோவார். "தம்பி, விலத்தும்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். எப்படிச் சொல்வது? உங்கள் கலியாண வீட்டில் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, கொழும்பு ஆட்களுக்கு முன்னால் "சீவரத்தினம் அண்ணை வீட்டுத் தண்ணி சவராப் போச்சு, உப்புக் கரிக்குது" என்ற மனிதர் அல்லவா? அன்றோடு பேச்சு வார்த்தை இல்லை. போன மாதம் பின்னால் போய் அவர் கீழே தாழ்த்தியிருந்த குடைக்குள் சைக்கிளின் முன்சில்லை விட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், நான் வேலியோர வாழைக்குலையைப் பார்த்தேன், பிறகு அவரவர் வழியில் போய்விட்டோம். அடுத்தமுறை மனிதரின் காலை முறித்துவிடுவேனோ என்று பயந்து, நானே ஒரு மின்னணு மணி செய்ய இறங்கினேன்.

யூடியூப் பார்த்துத்தான் செய்தேன். சைக்கிள் பற்றறி நாற்பத்தெட்டு வோல்ட், மணிக்குத் தேவை பன்னிரண்டுதான் என்பதை அந்த வீடியோக்காரர் கடைசியில்தான் சொன்னார், அதற்குள் முதல் மணி எரிந்து குசினி நிறையப் புகை, மாமி வந்து "இஞ்சாருங்கோ, சாம்பிராணி போட்டனீங்களோ?" என்றா. வோல்டைக் குறைத்து இரண்டாவது மணி செய்தேன், அது கோழிக்குஞ்சு போலக் கத்தியது, ஒழுங்கையில் அடித்தபோது குகதாசன் அசையவில்லை, அவருடைய பேட்டுக்கோழிதான் வேலிக்குள்ளால் ஓடிவந்து என் சில்லடியில் குஞ்சைத் தேடியது. மூன்றாவதற்குக் கொடிகாமம் வரை போய், பழைய வான் வண்டி ஒன்று பின்னுக்கு எடுக்கும்போது அலறுகிற பெட்டியை வாங்கி வந்து, எங்கள் வாசல் மணியின் சுவிச்சைக் கழற்றி அதற்குப் பூட்டினேன்.

நேற்றுக் காலை குகதாசனுக்குப் பின்னால் போய்ச் சுவிச்சை அமத்தினேன். மனிதர் குடையோடு வேலிக்குள் பாய்ந்தார். நான் விரலை எடுத்தேன், அலறல் நிற்கவில்லை. சுவிச் இறுகிவிட்டது. தட்டினேன், குத்தினேன், சைக்கிளை நிலத்தில் படுக்க வைத்தேன். படுத்துக்கொண்டும் அலறியது. ஒழுங்கை முழுவதும் நாய்களும் சனமும். அப்போதுதான் குகதாசன் வேலிக்குள்ளிருந்து கத்தினார்:

"அண்ணை! உந்தச் சனியனை நிப்பாட்டுங்கோ!"

கவனித்தீர்களா? முதலில் கதைத்தவர் அவர்தான். ஊரே சாட்சி.

"நிக்குதில்லைத் தம்பி!"

"பொறுங்கோ, குறடு எடுத்தாறன்!" ஓடிப்போய் வந்தார். "எதை வெட்டிறது? சிவப்போ, கறுப்போ?"

"எல்லாம் நீல வயர்தான் போட்டனான்!"

"உங்களை ஆரண்ணை தபாலதிபராக்கினது?" என்றபடி எல்லாவற்றையும் வெட்டினார்.

சத்தம் நின்றதும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நிலத்தில் இருந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அவருடைய மனைவி பிரசாந்தி தேத்தண்ணி கொண்டுவந்தா. அந்தத் துணிவில் சவர்க் கதையைக் கேட்டே விட்டேன். சத்தத்துக்கு ஓடிவந்து நின்ற மாமி குறுக்கே சொன்னா: "அண்டைக்கு எங்கடை கிணத்து மோட்டர் பழுது. தேத்தண்ணிக்குக் குகதாசன் வீட்டுக் கிணத்திலைதான் அள்ளினது."

குகதாசன் கையிலிருந்த கோப்பைக்குள் பார்த்தார்.

"ஏனப்பா எனக்கு உதைச் சொல்லேல்லை?" என்றேன்.

"நீங்கள் எங்கை கேட்டனீங்கள்?"

நேற்றுப் பின்னேரம் குகதாசனும் நானுமாக வயரை ஒட்டி, வேறு சுவிச் பூட்டினோம். மணி இப்போது கச்சிதமாக வேலை செய்கிறது. சுவிஸில் இதை விற்கலாமா என்று விசாரித்து எழுதுங்கள்.

மகளோடு மனமொத்து, நல்ல தண்ணியும் நல்ல சொல்லும் குறையாமல் வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு
மாமா சீவரத்தினம்

பி.கு. (மறுநாள் எழுதியது): மணி பற்றி ஒருவரிடமும் விசாரிக்க வேண்டாம். மணியைக் கழற்றி, வாழைத்தோட்டத்தில் வௌவால் கலைக்கக் கட்டிவிட்டேன். இன்று காலை குகதாசன் என் சைக்கிள் கரியரில் ஏறிவிட்டார். இனித் தினமும் வருவாராம். சந்தை வரைக்கும் "விலத்துங்கோ, போஸ்ட்மாஸ்டர் வாறார்!" என்று அவரே கத்திக்கொண்டு வந்தார். பற்றறி தேவையில்லை, மழைக்கும் பழுதாகாது. ஒரேயொரு குறை, நிப்பாட்டச் சுவிச் இல்லை.