பதினைந்தோடு நின்ற எண்

தாம்பரம் வட்டாரத்தில் எண்குணம் பார்ப்பவர் என்று ஒரு வகையினர் உண்டு. ஜோசியர் இல்லை, ஜோசியரைச் சமாளித்துவிடலாம். இவருக்கு ராசி, அதிர்ஷ்டம் எதிலும் நம்பிக்கை கிடையாது. ஆனால் கண்ணில் எண் ஒன்று பட்டுவிட்டால் அது பகா எண்ணா, வர்க்க எண்ணா, எத்தனை காரணிகள் உடையது என்று இனம் பிரித்தாக வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையில் ஷேர் ஆட்டோவில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, முன்னால் போகும் லாரியின் எண்ணை ஏழால் வகுத்துக்கொண்டே குரோம்பேட்டையில் இறங்க மறந்து, பல்லாவரத்தில் இறங்கி, திரும்பி வரும் ஆட்டோவின் எண்ணைப் பதின்மூன்றால் வகுப்பார். வகுபட்டால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. வகுபடும், அவ்வளவுதான்.

எங்கள் குடியிருப்பில் இந்த வகைக்குத் தலைவர் யக்ஞநாராயணன். மகள் மிருதுளாவின் அரசுத் தேர்வு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தவர் அவர்தான். விண்ணப்ப எண்ணைக் குறித்துவைக்கும் பொறுப்பும் அவருடையதே. ஹால் டிக்கெட் எடுக்கக் கடைசி நாள், மாலை ஐந்து மணி வரை கெடு. நாலு முப்பத்தெட்டுக்கு அவர் டைரியைத் திறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அதில் இருந்தது இது: “ஆறு இலக்கம். ஒன்று முதல் பதினைந்து வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும். அபூர்வம்.”

“நம்பர் எங்கப்பா?” என்றாள் மிருதுளா.

“நம்பரை யார் வேணும்னாலும் எழுதிடலாம்மா. இது அதோட குணம். குணம் தெரிஞ்சா ஆளைக் கண்டுபிடிக்க முடியாதா?”

கண்டுபிடித்தார். பன்னிரண்டு நிமிடம் பிடித்தது: 360360. மிருதுளா அடித்தாள். பிழை என்றது இணையதளம். மூன்று முறைதான் வாய்ப்பு. கணக்கு தப்பாது, சைட்தான் தப்பு என்று மறுபடி அதையே அடிக்கவைத்தார். பிழை. மிச்சம் ஒன்று. அவளுடைய இரண்டு வருடப் படிப்பு அந்த ஒன்றில் தொங்கியது.

சமையலறையிலிருந்து அவர் மனைவி ரமா அம்மாள் வந்தார். நேராகச் சுவர்ப் பக்கம் போனார். தினசரிக் காலண்டர் அட்டையில், காஸ் புக் செய்த தேதிக்குக் கீழே தாம் எழுதியிருந்ததைப் படித்தார்: “ஏழு, ரெண்டு, பூஜ்யம். ஏழு, ரெண்டு, பூஜ்யம். மிருது அப்ளிகேஷன்.”

நாலு ஐம்பத்தெட்டுக்கு ஹால் டிக்கெட் வந்தது.

யக்ஞநாராயணன் மனைவியை நன்றியோடு பார்த்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? “அட, இது அதுக்கு சரியா டபுள். அப்போ பதினாறாலயும் வகுபடுமே” என்றார். அன்றைக்கு ஏன் பதினைந்தோடு நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

“இவ காப்பி கொண்டுவந்து கெடுத்துட்டா சார்.”

டைரியை எடுத்தார். பதினைந்தை அடித்துப் பதினாறு என்று திருத்தினார். எண்ணை மட்டும் இன்றுவரை எழுதவில்லை.

சிரிக்காதீர்கள். 720720-ஐப் பதினாறால் வகுத்தால் 45045 வரும். எதற்கும் ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று உங்கள் கை பேனாவைத் தேடுகிறதா? தாராளமாக வகுத்துப் பாருங்கள். அதற்கு முன், உங்கள் வீட்டுக் காலண்டர் அட்டையில் எழுதுகிறவர் யார் என்று மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.