தொண்ணூற்றெட்டு மதிப்பெண் படுக்கையறை

பொதுமக்கள் நலன் கருதி எங்கள் போக்குவரத்துக் கழகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. ஓட்டுநர் விழிப்பாக இருக்க வேண்டுமானால் நன்றாகத் தூங்க வேண்டும். நன்றாகத் தூங்க வேண்டுமானால் படுக்கையறை நன்றாக இருக்க வேண்டும். ஆகவே படுக்கையறைக்குச் சான்றிதழ் வாங்காதவர் முப்பது நாளுக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. படித்துப் பார்த்தேன், ஒரு பிழை இல்லை. பிழையே இல்லாத சுற்றறிக்கை என்றால் எனக்குச் சந்தேகம் வரும்.

நான் கண்டக்டர். என் டிரைவர் அண்ணன் ஒன்பது வருஷமாக வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். விடிகாலை ஷிப்ட் முடிந்து மதியம் வீட்டுக்குப் போய்ப் படுத்தால், அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். அந்தத் தூக்கத்துக்கு அதுவரை யாரும் அனுமதி கேட்டதில்லை.

சக ஊழியர் ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் உறக்கச் சூழல் ஆய்வாளர் வந்த அன்று நானும் போயிருந்தேன். அந்த அறையில் ஒரு கட்டில், இரண்டு அரிசி டிரம், கடகடவென்று சுற்றும் ஒரு மின்விசிறி. ஜன்னலோரம் அண்ணி தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். நடுவில் அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஆய்வாளர் வெளிச்சத்தை அளந்தார், சத்தத்தை அளந்தார், சுவரின் நிறத்தை ஓர் அட்டையோடு ஒப்பிட்டார். பிறகு எழுதினார்: “இவ்வறையில் உறங்குவது இயலாது.”

அண்ணி மெஷினை நிறுத்தினார். “சார், அவரு இப்போ தூங்கிக்கிட்டுதானே இருக்காரு?”

“அது உங்க பார்வைக்கும்மா. விதிப்படி இது தூக்கம் இல்ல. கண்ணை மூடியிருக்காரு, அவ்வளவுதான்.”

“குறட்டை விடுறாரே!”

“அதையும் குறிச்சிருக்கேன். சத்தத்துல சேர்த்துட்டேன்.”

அண்ணனை எழுப்பிக் கையெழுத்து வாங்கினார்கள். வேலை போய்விடும் என்று சொன்னதும் அவருக்கு மிச்சமிருந்த தூக்கமும் போய்விட்டது.

இருபது நாள் அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. சுவருக்கு இளநீலம் அடித்தார்கள். ஜன்னலுக்குக் கருந்திரை போட்டார்கள். கடிகாரம் கவலை தருமாம், அதைக் கழற்றினார்கள். மின்விசிறிக்குப் பதில் சத்தமே இல்லாத ஒன்று வந்தது. அரிசி டிரம் சமையலறைக்குப் போனது. தையல் மெஷின் ஹாலுக்குப் போனது. அண்ணியும் மூச்சை இழுத்து விடும் ஒலி வரம்பு மீறியதால் ஹாலுக்கே போனார். கடைசியாக மெத்தைக்கு அடியில் ஒரு பெட்டியை வைத்தார்கள். தினம் எட்டு மணி நேரம் மேலே ஆள் படுத்திருந்தாரா என்று அது குறித்துக்கொள்ளும்.

மறு ஆய்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு! எங்கள் டிப்போவிலேயே முதலிடம். மேலாளர் மாலை போட்டார். அண்ணனின் படத்தோடு சான்றிதழை முன்கண்ணாடியில் ஒட்டினார்கள்.

மூன்றாம் நாள் அண்ணன் என்னிடம் சொன்னார்: “கண்டக்டரே, அந்த ரூம்ல எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது. ஒரு சத்தமும் இல்ல. என் நெஞ்சு அடிக்கிறது எனக்கே கேக்குது.”

“ஹால்ல போய்ப் படுங்கண்ணே.”

“பெட்டி காட்டிக் குடுத்துடுமே!”

அவர் கண்ணைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. நேராக ஆய்வாளரிடம் போனேன்.

“சார், அவரு பத்து நிமிஷம்கூடத் தூங்கலை.”

அவர் கோப்பைப் புரட்டினார். “எட்டு மணி நேரம் படுத்திருக்காரே?”

“படுத்திருக்காரு சார். தூங்கலை.”

“தம்பி, அறைக்குச் சான்றிதழ் கொடுக்கிற வரைக்கும்தான் கழகத்தோட பொறுப்பு. அதுல தூங்காம இருக்கிறது அவரோட சொந்த விஷயம்.”

மறுநாள் காலை வண்டி நிறைய ஆள். பாலத்துக்கு முந்தின நிறுத்தத்தில் அண்ணன் இன்ஜினை அணைத்தார். சாவியை என் கையில் கொடுத்தார். “இத்தனை உசுரு ஏறியிருக்கு. என் கண்ணு இருட்டுது. வேலை போனாப் போகட்டும், நான் ஓட்ட மாட்டேன்.” சொல்லிவிட்டுக் கடைசி சீட்டில் சாய்ந்தார். அடுத்த நிமிஷம் குறட்டை வந்தது. ஒன்பது வருஷத்தில் அவர் செய்த மிக நல்ல காரியம் அதுதான்.

பயணிகள் கொதித்தார்கள். “ஆபீசுக்கு யாரு பதில் சொல்றது?” என்றார் ஒருவர். மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து போய்ச் சான்றிதழை வாய்விட்டுப் படித்தார். “தொண்ணூத்தெட்டு மார்க் வாங்கின ஆளு தூங்கலைன்னா நம்புற மாதிரியா இருக்கு? எல்லாம் திமிரு!” அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள். நாலைந்து பேர் டிப்போவுக்குப் போன் போட்டார்கள்.

பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். தரமான படுக்கையறை இருந்தும் அங்கீகாரமற்ற இடத்தில் உறங்கிய குற்றத்துக்காக, அண்ணனை அங்கேயே தற்காலிகப் பணிநீக்கம் செய்தார். கூடவே மாற்று டிரைவர் ஒருவரும் வந்திருந்தார். அவர் சான்றிதழை ஒட்டினோம். தொண்ணூற்றொன்பது.

பயணிகள் அதை எட்டிப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், அவரவர் இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்தார்கள். புது டிரைவர் பாட்டில் தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டு, கன்னத்தில் இரண்டு அறை அறைந்துகொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெரிய அதிகாரியும் பார்த்துக்கொண்டிருந்தார். விசிலை எடுத்து ஊதினேன்.