பிரிந்துபோகிறவரும் ஒரு பேரிக்காயும்

மனிதர்களில் பிரிந்துபோகிறவர் என்று ஒரு ரகம் உண்டு. பிரிந்துபோனவர் இல்லை, அவர் வேறு. போனவர் ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சத்தம் போடாமல் போயிருப்பார். நான் சொல்கிற ஆசாமி போகவே மாட்டார். போய்க்கொண்டே இருப்பார். நாற்பது வருஷமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் உள்ளே வந்துவிடுவார்.

இந்த ரகம் எல்லா ஊரிலும் முளைக்கும். ஆனால் எங்கள் மேற்கு ஆஸ்திரேலியாவில் விளைகிற மாதிரி எங்கும் விளையாது. மண்வாகு அப்படி. கண்டத்தில் மூன்றில் ஒரு பங்கு எங்களுடையது. ஜனம் மட்டும் நாட்டில் பத்துக்கு ஒருவர். அந்த ஒருவரிலும் முக்கால்வாசி பெர்த்தில் கடலைப் பார்த்தபடி, நாட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். மீதி இடத்தில் இரும்பு, தங்கம், கோதுமை, ஈ. இவ்வளவையும் தோண்டியும் அறுத்தும் அனுப்புகிறவன் நான், அனுபவிக்கிறவன் கிழக்கத்தியானா என்று கேட்காத ஆளை இங்கே பார்ப்பது கஷ்டம். ஈயை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

வாரகின் என்ற கோதுமை ஊரில் இருபத்தெட்டு வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊருக்கு வாய்த்த பிரிந்துபோகிறவர் நெவில் டிரெங்கோவ். நல்ல மனிதர், டிராக்டர் கேட்டால் தருவார், டீசல் ஊற்றித் தருவார். ஆனால் தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் பெண் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பதை அவர் எதிரில் பேசிவிடக் கூடாது. அவள் நிற்பது எப்போதும் வரைபடத்தின் இடது பக்கம், அதாவது நம் மாநிலத்தின் மேல். "நாற்பது வருஷமா நம்ம ஊர் மழையை எவளோ ஒருத்தி பாவாடையால மறைச்சிட்டு நிக்கிறா" என்பார். கால்பந்தில் தோற்றால் நடுவர் கிழக்கத்தியான். ஜெயித்தால், கிழக்கத்தியான் நடுவராக இருந்தும் ஜெயித்தோம். அவர் வீட்டுச் சமையலறையில் ஆஸ்திரேலியா வரைபடம் ஒன்று தொங்குகிறது. எல்லைக்கோட்டோடு கத்தரிக்கோலால் நேராக வெட்டியது. வலது பாதி கோழிக்கூண்டில் கீழே விரித்திருக்கிறது.

மாதத்தின் இரண்டாம் செவ்வாய் எங்கள் பிரிவினைக் கமிட்டி கூடும். உறுப்பினர் ஏழு பேர். என் கையெழுத்து படிக்க முடிகிறது என்பதால் நான் செயலாளர். (மருந்துக்கடைக்காரனுக்கு இது ஒரு பெருமை.) போன வருஷம் ஆட்டுப்பண்ணை கோலின் எழுந்து, பெர்த்தான் நம்மை ஏமாற்றுகிறான், ஆகவே வாரகின் தனியாகப் பெர்த்தை விட்டுப் பிரிய வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். நெவிலுக்கு முகம் சிவந்துவிட்டது.

"டேய் கோலின், இங்க வந்து பிரிவினை பேசறியா? நாம எல்லாரும் ஒத்துமையாப் பிரியணும்டா!"

நெவிலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, ரத்தத்தில் வந்தது. 1933-ல் இந்த மாநிலத்தில் நிஜமாகவே ஓட்டுப் போட்டார்கள். ஒரே நாளில் இரண்டு சீட்டு. நாட்டை விட்டுப் பிரியலாமா என்று ஒன்று. நெவிலின் தாத்தா 'ஆம்' என்று போட்டார், மூன்றில் இரண்டு பேர் அப்படித்தான் போட்டார்கள். மாநிலத்தை யார் ஆள்வது என்று இன்னொன்று. பிரிய வேண்டும் என்று சொன்ன ஆட்சியைத் தாத்தா அதே பென்சிலால் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிரிவினையே கூடாது என்றவர்களைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "ரெண்டு பேருக்கும் ஒரு பாடம் இருக்கட்டும்னு" என்றாராம். பிறகு விண்ணப்பத்தை எங்கள் காட்டு ஜாரா மரத்தில் செய்த அழகான பெட்டியில் வைத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே பெட்டியைப் பார்த்துவிட்டு, இதை வாங்கிக்கொள்ள எங்களுக்கு அதிகாரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்த ரகத்தை இதைவிடத் தெளிவாக யாரால் விளக்க முடியும்?

நெவில் மதிக்கும் அரசாங்கக் காரியம் ஒன்றே ஒன்று: எல்லைச் சோதனைச்சாவடி. கிழக்கிலிருந்து வருகிற ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, பூச்சி வந்துவிடாமல் பழம், காய், தேன் எல்லாவற்றையும் அங்கே பறித்துக்கொள்வார்கள். அதைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தழுதழுக்கும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சாவடிக்கு வாழ்த்துக் கடிதம் போடுவார். 'ஆளைப் பார்க்காதீர்கள், பழத்தைப் பாருங்கள். என் சொந்தப் பேத்தியே வந்தாலும் விடாதீர்கள்' என்று ஒருமுறை எழுதினார். அப்போது அவருக்குப் பேத்தி இல்லை. எழுதலாம்.

பிறகு ஒரே மகள் கெரின், டேமியன் என்ற கிழக்கத்தியானைக் கட்டிக்கொண்டு கிழக்கே பல்லாரட் என்ற ஊருக்குப் போனாள். நிஜமாகவே போனாள். "அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டேன்" என்றார் நெவில். "நீங்க வர்ற வரைக்கும் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றாள் கெரின். மேபெல் பிறந்தாள். நெவிலின் மனைவி லொரெய்ன் நாலு தடவை விமானம் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நெவில் பேத்தியைச் செல்போனில் பார்த்தார். இரண்டரை வருஷம். சட்டைப்பையில் அவளுடைய படம் ஒன்று இருந்ததும், களத்துமேட்டில் யாரும் இல்லாதபோது அதை எடுத்துப் பார்ப்பதும் எனக்குத் தெரியும்.

லொரெய்ன்தான் வழி கண்டுபிடித்தாள். இரண்டு கட்சியும் எல்லையில் சந்திப்பது. கோட்டுக்கு மேற்கே பத்து அடி தள்ளி மேஜை போடுவது. கெரின் பிள்ளையை அதுவரை கொண்டுவருவது. வீட்டு வாசப்படி இல்லையே, ஆகவே சபதம் உடையாது. ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர். மாற்று டிரைவராக என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வளைவே இல்லாத நூற்று நாற்பத்தாறு கிலோமீட்டர் ரோட்டில் நெவில் ஸ்டியரிங்கையும் திருப்பவில்லை, பேச்சையும் திருப்பவில்லை. எல்லைக்குப் பக்கத்தில் கடிகாரம் பெர்த்துக்கும் ஒட்டாமல் அடிலெய்டுக்கும் ஒட்டாமல் முக்கால் மணி தள்ளி ஓடியது. "பாருங்க செயலாளரே, இவங்க சாதிச்சிட்டாங்க" என்றார், உண்மையான பொறாமையோடு.

மேஜை போட்டாயிற்று. கேக் வைத்தாயிற்று. நெவில் புதுச் சட்டையோடு கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார். அந்தப் பக்கம் கார் வந்தது. கெரின் இறங்கினாள், மேபெல் இறங்கினாள். மேபெல் கையில், வழியில் செடூனா ஊர்க் கடையில் வாங்கிய ஒரு பேரிக்காய்.

சாவடி அதிகாரி ரூபி நெல்லிஸ் குனிந்தாள். "கண்ணு, பழம் இந்தப் பக்கம் வரக் கூடாதும்மா. அங்கேயே தின்னு முடிச்சிடு, இல்ல இந்தத் தொட்டியில போட்டுடு."

"என் பேரி" என்றாள் மேபெல். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, குழந்தைதானே," என்றார் நெவில். "ஒரு அரைப் பழம்."

மேஜை போட நாங்கள் எழுதிக்கொடுத்திருந்த பெயரைப் பார்த்துவிட்டு ரூபி நிமிர்ந்தாள். "வாரகின் டிரெங்கோவ் ஐயாதானே? உங்க கடிதத்தை எங்க ஆபீஸ் சுவத்துல ஒட்டி வச்சிருக்கோம். சொந்தப் பேத்தியே வந்தாலும்னு எழுதியிருந்தீங்க. புதுசா வர்றவங்களுக்கு அதைத்தான் முதல்ல படிக்கக் குடுப்போம்."

நெவில் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

கெரின் பழத்தைப் பிடுங்கப் பார்த்தாள், பிள்ளை அலறியது. தின்னச் சொன்னார்கள், கால் மணி நேரத்தில் மூன்று கடி. நாலாவது கடிக்கு முன்னால் மேபெல் ஓர் எறும்பைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். காற்றில் கேக்கெல்லாம் மண். கெரினுக்குப் பொறுமை போயிற்று. அவளும் டிரெங்கோவ்தானே!

"விடுங்கப்பா. ரெண்டரை வருஷம் இருந்தாச்சு. இன்னும் ரெண்டரை வருஷம் இருந்துட்டுப் போறோம். மேபெல், வா, கார்ல ஏறு."

"போறதுன்னா போ! யாரும் கூப்பிடல!" என்றார் நெவில். வாய் தன் பழக்கத்தில் சொல்லிவிட்டது, முகம் வெளுத்துவிட்டது.

லொரெய்ன் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நெவில், நல்லாக் கேளு. அந்தப் பிள்ளை கார்ல ஏறிச்சுன்னா நானும் ஏறிடுவேன். நான் சொன்னா செஞ்சிடுவேன். உன்னை மாதிரி இல்லை."

நான் மேஜை விரிப்பைச் சரி செய்தேன்.

நெவில் கோட்டைப் பார்த்தார். கோடு என்று அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே சரளைக்கல். நடந்தார். தாண்டினார். அறுபத்தெட்டு வயதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, எறும்புக்குப் பக்கத்தில், கிழக்கு மண்ணில் உட்கார்ந்தார்.

மேபெல் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பழத்தை நீட்டினாள். "கடி."

கடித்தார். அவளுக்கு ஒரு கடி, இவருக்கு ஒரு கடி. நாற்பது வருஷத்தில் கிழக்கத்திப் பழம் அவர் வாயில் பட்டது அதுதான் முதல் தடவை. கடைசியில் நடுத்தண்டு மிஞ்சியது. அதுவும் எல்லை தாண்டக் கூடாது, தின்றார். விதையைத் தின்றார். காம்பைத் தின்றார். வெறும் கையைத் தூக்கி "தூக்கு" என்றாள் மேபெல். தூக்கிக்கொண்டு வந்தார். ரூபி இருவர் உள்ளங்கையையும் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டாள். அழுதுகொண்டே பின்னால் வந்த கெரின் எந்த இடத்தில் கோட்டைத் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

"செயலாளரே," என்றார் நெவில். கன்னம் நனைந்திருந்தது. "நான் ஒண்ணும் தாண்டல. பழத்தை அழிக்கப் போனேன். குறிப்புல அப்படித்தான் எழுதணும்."

அப்படியே எழுதினேன். அடுத்த கூட்டத்தில் கோலின் அதைக் கிளறினான். நெவில் எழுந்து, இனி இந்தக் கமிட்டியில் ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன் என்று அறிவித்தார். அதற்குள் டீ வந்துவிட்டதால் உட்கார்ந்தார்.

நீங்கள் இந்த ரகம் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். இந்த வாரம் எத்தனை தடவை 'நான் போறேன், இனி என்னைக் கூப்பிடாதீங்க' என்றீர்கள், ஆபீசில், சங்கத்தில், தம்பி வீட்டுக் கல்யாணத்தில்? நான் கேட்கவில்லை, செயலாளர் பதவியை இந்த மாதத்தோடு விடப்போவதாகப் பதினோராவது முறை சொல்லியிருக்கும் நான் எந்த முகத்தோடு கேட்பது? ஒன்று மட்டும். அடுத்த தடவை 'போறேன்' என்று சொல்லும்போது, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அவர் சத்தமே போட மாட்டார்.