சும்பக் மேடம் போட்ட அம்புக்குறி

ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் டைரக்டரை, பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, இரண்டு கையாலும் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்த மனுஷி இந்தப் புனே நகரத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் சும்பக் மேடம்.

சும்பக் என்றால் இந்தியிலும் மராத்தியிலும் காந்தம். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அன்றைக்கு அவருடைய புதிய சோதனை அறைக்குத் திறப்பு விழா. அந்த அறைக்குள் குண்டூசி அளவு இரும்புகூடப் போகக் கூடாது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப் வைத்திருந்தார். சாவி, வாட்ச், செல்போன், சேப்டி பின் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழையலாம். டைரக்டரின் பெல்ட்டும் டப்புக்குப் போனது. ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் கொண்டுவந்த பியூனையும் மேடம் துரத்திவிட்டார். "கையாலேயே கிழியுங்கள் சார்" என்றார். கிழிப்பதற்கு டைரக்டரிடம் காலியாகக் கை இல்லை.

நான் அங்கே ஸ்டோர்ஸில் கிளார்க். ஊர் கோவில்பட்டி, குடியிருப்பு கசார்வாடி. ஒருமுறை ஆபீசில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை நடந்தது. மறுநாளே மேடம் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"உங்களுக்கு ரத்தத்துல இரும்பு கம்மியாமே?"

"ஆமா மேடம். டாக்டர் மாத்திரை எழுதியிருக்காரு."

"அரே, மாத்திரைய அப்பறம் சாப்பிட்டுக்கலாம். மொதல்ல என்கூட ஃபீல்டுக்கு வாங்க. உங்கள மாதிரி ஆளத்தான் தேடிண்டிருந்தேன்."

சிரிக்காமல் சொன்னார். விளையாட்டா நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அதிலிருந்து ஒன்பது வருடம், மேடமும் ஜீப் டிரைவர் தாமுவும் நானும் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறாத வளைவு இல்லை.

மேடத்தின் அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து விமானப் படைக்கு வந்து, லோஹேகாவில் தங்கிவிட்டவர். மேடம் பிறந்தது படித்தது எல்லாம் இங்கேதான். தமிழ் எழுதத் தெரியாது. பேசும்போது நடுவில் மராத்தி எட்டிப் பார்க்கும். ஆனால் பாறையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அவருக்குத் தமிழ்தான் வரும்.

"இந்த மலை ஒருகாலத்துல கொதிக்கற குழம்பு. ஆறிக் கல்லாகறச்சே, அதுக்குள்ள இருக்கற பொடிப்பொடி காந்தத் துகளெல்லாம் அன்னிக்கு வடக்கு எங்க இருந்துதோ அந்தத் திசையப் புடிச்சுண்டு ஒறஞ்சுபோயிடும். அதைப் படிச்சா, இந்தக் கல் பூமியில எந்த எடத்துல பொறந்துதுன்னு சொல்லிடலாம். நீங்க கோவில்பட்டிலேந்து ரயிலேறி வந்தேள். இந்த நாடே தெக்கேருந்து வந்ததுதான். டிக்கெட்டுகூட எடுக்கல."

பூமியின் வடக்கும் தெற்கும் எப்போதாவது இடம் மாறிக்கொள்ளும் என்றும் சொல்வார். மேடத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்த விஷயம்தான். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே, ஒரு மலைப்பாதையில் அடுக்கடுக்காய்க் கிடந்த பாறைகளில் ஓர் அடுக்கு மட்டும் தலைகீழாகத் திசை காட்டுவதை அவர் கண்டுபிடித்திருந்தார். அதாவது நடுவில் கொஞ்ச காலம் பூமியின் திசை புரண்டு, மறுபடி திரும்பியிருக்கிறது. அந்தக் கட்டுரையை வெளிநாட்டுக்காரர்கள் கூட மேற்கோள் காட்டினார்கள். டைரக்டர் எந்த மேடையில் ஏறினாலும் அதைச் சொல்லாமல் இறங்க மாட்டார்.

ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது மேடம் தன் பழைய பெட்டிகளை ஒழித்துத் தர ஸ்டோர்ஸுக்கு வந்தார். உள்ளே எல்லாம் கல் உருளைகள். பாறையில் துளை போட்டு எடுத்த, விரல் நீளத் துண்டுகள். ஒவ்வொன்றின் மேலும் பாறையின் வெளிப்பக்கத்தைக் காட்டி ஓர் அம்புக்குறி வரைந்திருக்கும். அது இல்லாவிட்டால் கல் எந்தப் பக்கம் பார்த்து நின்றதென்று யாராலும் சொல்ல முடியாது.

நான் எண்ணி எண்ணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேடம் ஓர் உருளையைக் கையில் வாங்கியவர் கீழே வைக்கவில்லை. இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று. அந்தப் பெட்டியிலிருந்த எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாக அடுக்கினார்.

"இதப் பாருங்க. ஒரு முனை பழுப்பா இருக்கா? அது வெயிலும் மழையும் பட்ட பக்கம். வெளிப்பக்கம். இன்னொரு முனை கருகருன்னு புதுசா இருக்கு. அது உள்பக்கம். அம்பு எங்க பாக்குது?"

பார்த்தேன். ஓர் அம்பு விடாமல் அத்தனையும் கறுப்பு முனையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"உள்பக்கமா பாக்குது மேடம்."

"அந்தத் தலைகீழ் அடுக்கு இதுதான். பாறை பொரளல. நான்தான் பொரட்டிட்டேன்."

விஷயம் டைரக்டருக்குப் போனது. எங்கள் மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. "இரண்டு மாதம்தானே? அப்படியே விட்டுவிடுங்கள்" என்று இந்தியில் கெஞ்சினார். மேடம் அசையவில்லை. "அப்படியென்றால் அன்று கூட வந்த உதவியாள் அம்பைத் தவறாகப் போட்டுவிட்டதாக எழுதுங்கள்" என்றார் டைரக்டர். அன்றைக்குக் கூடப் போனது தாமு. தாமு என் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

"அந்த அம்பின் வால் என் கை போடும் வால் சார்" என்றார் மேடம்.

வெளியே வந்ததும் நான் மெதுவாகச் சொன்னேன். "மேடம், தெரியாமச் சொன்னது பொய்யாகுமா? எதுக்கு இப்படி மருகுதீங்க?"

"நேத்து வரைக்கும் பொய் இல்ல. நேத்து தெரியாது. இன்னிலேந்து வாய மூடிண்டிருந்தா பொய்."

மறு வாரமே சொந்த லீவில் கிளம்பினார். நானும் தாமுவும் லீவு போட்டோம். பழைய இடத்துக்குப் போனால் அங்கே பாறையே கண்ணில் படவில்லை. சாலையை அகலமாக்கி, மலைச்சரிவு முழுக்க சிமெண்ட் பூசியிருந்தார்கள். அதே அடுக்கைப் பிடித்துக்கொண்டே அரை கிலோமீட்டர் நடந்தோம். ஒரு வடா பாவ் கடையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பாறை தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் எங்கள் துளைக் கருவியைப் பார்த்துவிட்டார். சாலைக்காரர்கள் கடையை இடிக்க அளவெடுக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்து, எண்ணெய்க் கரண்டியோடு வழியை மறித்தார். மேடம் மராத்தியில் பொறுமையாக எல்லாம் சொன்னார். கட்டை விரல் அளவுக்குச் சில கல் துண்டுகள் மட்டும் போதும் என்றார்.

"கல்லா? கல்லுக்கா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?" மனுஷன் கரண்டியை மலை உச்சிவரை வீசிக் காட்டினார். "முழு மலையையும் எடுத்துக்கொண்டு போங்கள் தாயி!"

துளை போட்டாயிற்று. ஆனால் காந்தம் கலந்த அந்தப் பாறையிடம் சாதாரணத் திசைகாட்டி தடுமாறும். சூரியனின் நிழலை வைத்துத்தான் திசை குறிக்க வேண்டும். சூரியன் மேகத்துக்குள் இருந்தது. மேடம் நிழல் பார்க்கும் பித்தளைக் கருவியைப் பாறையில் பொருத்திக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் போனது. கடைக்கு வந்தவர்களெல்லாம் வடா பாவைக் கையில் வைத்துக்கொண்டு எங்களோடு சேர்ந்து வானத்தைப் பார்த்தார்கள். நிழலை இரும்பு ஒன்றும் செய்யாதுதான்; ஆனாலும் மேடத்தின் சட்டப்படி, வாட்ச் கட்டியிருந்த நான் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். வெயில் வந்ததும் மணியைக் கத்திச் சொல்ல வேண்டும்.

நான்கு மணிக்கு மேல் பளிச்சென்று வெயில் அடித்தது. கடைக்காரர் "ஊன் ஆலா! ஊன் ஆலா!" என்று அலறினார். வெயில் வந்துவிட்டதாம். நான் நிமிடமும் நொடியும் சேர்த்துக் கத்தினேன். மேடம் குறித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு கல்லாக வெளியே எடுத்து, அம்பு போடுவதற்கு முன்னால் எங்கள் மூன்று பேரிடமும் நீட்டினார்.

"எது வெளிப்பக்கம்?"

தாமு காட்டினான். நான் காட்டினேன். கடைக்காரரும் விரலை வேட்டியில் துடைத்துவிட்டுக் காட்டினார். மூன்று விரலும் ஒத்துப்போன பிறகுதான் அம்பு போட்டார். கடைசிக் கல்லை மட்டும் இரண்டு தடவை நீட்டிக் கேட்டார். இரண்டு தடவையும் காட்டினோம்.

சோதனை முடிவு வந்த அன்று டீ கொண்டுபோய் வைத்தேன். டப்பில் என் சாவியைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். மேடம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் எந்தத் திசையோ, நடு அடுக்கும் அதே திசை. எதுவும் புரளவில்லை.

"போச்சு" என்றார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் கழித்து டீயைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

பிரிவு உபசார விழாவில் டைரக்டர் அந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அதுவே அவர் செய்த பெரிய மரியாதை. மேடம் எழுந்தார். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். "என்னைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதில் முக்கியமானது தவறு" என்று ஆரம்பித்து, பெட்டி, அம்பு, வடா பாவ் கடை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். கட்டுரையைத் திருத்தி எழுதி அனுப்பிவிட்டதாகவும் சொன்னார்.

யாரும் கை தட்டவில்லை. தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோரும் சமோசாத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மேடம் கருத்தரங்கில் கேட்கிற மாதிரி, "கேள்வி ஏதாவது?" என்றார்.

பின்வரிசையிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி எழுந்து, "அப்படியானால் நடுவில் திசை புரள நேரமே இல்லாமல், அந்த அடுக்குகள் எல்லாம் நாம் நினைத்ததைவிட வேகமாக, ஒரே மூச்சில் கொட்டியிருக்குமோ?" என்று கேட்டாள்.

மேடத்தின் முகம் மாறியது. "அரே வா!" என்றார். பலகையைத் தேடிப்போய் மலையை வரைய ஆரம்பித்தார். பொன்னாடை தோளிலிருந்து நழுவி விழுந்ததைக் கவனிக்கவில்லை. முக்கால் மணி நேரம் வரைந்தார். அந்தப் பெண் குறுக்கே குறுக்கே கேட்டாள், இவர் அழித்து அழித்து வரைந்தார். அது பிரிவு விழா என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது.

சில மாதம் கழித்து லோஹேகாவிலிருந்து எனக்கு ஒரு தபால் வந்தது. அவருடைய திருத்தம் அச்சான பக்கம். என் ஆங்கிலத்துக்கு முக்கால்வாசி எட்டவில்லை. அடியில், மறுபடி கல் எடுக்க உதவியவர்களுக்கு நன்றி என்று மூன்று பெயர் இருந்தது. முதலில் வடா பாவ் கடைக்காரர், அடுத்து தாமு, பிறகு நான். என் இனிஷியலைக்கூடச் சரியாகப் போட்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் இந்தப் பத்திரிகையில் எழுத ஆரம்பித்து, எத்தனையோ வாரம் என் பெயர் அச்சாகிவிட்டது. கசார்வாடி வீட்டுக் கூடத்தில் நான் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அந்த ஒரு பக்கத்தைத்தான்.