பாலிஷ் சாரும் மூச்சு விடும் பலாவும்

ஜவ்வாது மலையில் விற்ற நெயில் பாலிஷில் முக்கால்வாசியை வாங்கித் தீர்த்தவர், அறுபதை நெருங்கிய ஒரு கட்டைப் பிரம்மச்சாரி. காற்றில் கரியமில வாயு கூடினால் இலைத்துளைகள் என்ன செய்கின்றன என்று ஆராய வந்தவர். இலையின் அடிப்பக்கம் பாலிஷைத் தடவி, காய்ந்ததும் செல்லோடேப்பால் உரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், துளைகள் அச்சாகத் தெரியும். ஊர் அவருக்கு வைத்த பெயர் பாலிஷ் சார். நான் அவருடைய உதவியாளன்.

ஜமுனாமரத்தூர் சந்தையில் வளையல் கடை பாய் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"வூட்ல எத்தினி பொண்ணுங்க சார்?"

"பொண்ணு இல்லீங்க, பலா."

"பேரு நல்லாத்தான் கீது" என்று இன்னும் இரண்டு பாட்டில் எடுத்து வைத்தார் பாய்.

அந்தப் பலா மரம் பூங்காவனம் அக்காவின் நிலத்தில் நின்றது. பக்கத்தில் யார் போனாலும் சார் பதறுவார். "மூச்ச அந்தப் பக்கம் விடுங்கம்மா. நம்ம மூச்சுல கரியமில வாயு ஜாஸ்தி. பட்டா இலை துளையச் சுருக்கிக்கும்."

"எங்க வூட்டுக்காரரு பேசுனா நானுந்தான் காத மூடிக்கிறேன்" என்றார் அக்கா. "அத ஆராய ஒருத்தரும் வர்லியே சார்."

சாரின் ஆராய்ச்சித் திட்டம் தொடரலாமா என்று முடிவு செய்ய, பட்டணத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பலாவடியில் நின்று, ஓர் இலையை மூக்கருகே பிடித்துக்கொண்டு, இதெல்லாம் வீண் வேலை என்று அரை மணி நேரம் பேசினார். சார் பல்லைக் கடித்துப் பொறுத்தார். கடைசியில் எட்டி, அதிகாரியின் வாயைக் கையால் பொத்திவிட்டார்.

அக்காதான் முதலில் பேசினார். "கோச்சிக்காதீங்க சார். எங்களுக்கும் இதே கதிதான்."

சார் அந்த இலைக்கும், எட்ட இருந்த இன்னொரு இலைக்கும் பாலிஷ் தடவினார். உரித்து, இரண்டையும் மைக்ராஸ்கோப்பில் காட்டினார். தள்ளி இருந்த இலையில் துளைகள் திறந்திருந்தன. அதிகாரி பேசிய இலையில் அத்தனையும் சுருங்கிக் கிடந்தன.

அதிகாரி நெடுநேரம் பார்த்தார். பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்: "இன்னொண்ணு பாக்கலாமா?"

திட்டம் பிழைத்தது. அதிகாரியின் ஜீப் மறைந்ததும் நான் சாரிடம் கேட்டேன்.

"வேலை போயிருந்தா இன்னா சார் பண்ணியிருப்பீங்க?"

"எனக்கு ஊர்ல வீடு இருக்கு. உங்கள எங்க வேலைக்குச் சேத்து விடுறதுன்னுதான் யோசிச்சிட்டிருந்தேன்" என்றார்.