எலிக்கு மருந்து

மூட்டையின் வாயை அவிழ்த்துப் பார்த்தார் முகைதீன்பாவா. அரிசி மறுபடியும் குறைந்திருந்தது.

இறக்காமத்து வயலில் யானை உழக்கியது போக மிஞ்சிய நெல்லைக் குற்றி, கல்முனைக்குக் கொண்டுவந்து சேர்த்த அரிசி. அடுத்த போகம் வரைக்கும் வீட்டுக்கு அதுதான் சோறு.

"எலிதான்," என்றார்.

"ஓம், எலியாத்தான் இரிக்கும்," என்றாள் அவர் மனைவி சபியா உம்மா. பாதி முற்றத்தைக் கூட்டியவள், மீதியைக் கூட்டத் தெம்பில்லாமல் வாசற்படியில் குந்தியிருந்தாள். மூச்சு வாங்கியது. எலியின் அரவத்தில் இவளுக்கும் நித்திரை கெட்டுவிட்டது போலும் என்று அவர் பரிதாபப்பட்டார்.

சந்தையில் எலிப்பொறி வாங்கி மூட்டை வாயில் வைத்தார். மறுநாள் விடியுமுன் சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போது பொறி அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், சபியா உம்மாவின் விரல்.

"இந்த நேரத்தில மூட்டைக்குள்ள என்ன புள்ள வேல?"

"பிட்டுக்கு அரிசி ஊறப்போட வந்தன். பொறி வெச்சிரிக்கெண்டு சொன்னீங்களா?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு வீட்டில் பிட்டு அவியவில்லை. விரல் வீங்கியதால்தான் என்று நினைத்தார்.

அடுத்து ஒரு பூனை வந்தது. அது எலியைத் தேடவே இல்லை. எல்லாரும் தின்று முடிந்தபின் சாப்பிட உட்காரும் சபியா உம்மாவுக்கென்று சட்டியில் கிடந்த ஒரேயொரு மீன் துண்டைத் தேடிக் கண்டுபிடித்தது. அவள் வெறும் ஆணக் குழம்பை ஊற்றித் தின்றுவிட்டு எழும்பினாள். அரிசி முன்னையிலும் வேகமாகக் குறைந்தது.

மூட்டையை அலுமாரிக்குள் தள்ளிப் பூட்டினார். சமையலுக்குத் தானே அளந்து கொடுத்தார். அந்தக் கிழமையே அடுப்படி மண்சுவரில் குழி விழத் தொடங்கியது.

"இப்ப சுவரையும் அரிக்கிது. இனி நஞ்சுதான்."

சபியா உம்மா தூணில் சாய்ந்தாள். நிற்கவும் களைப்பாக இருந்தது போல.

ஒரு பிடி அரிசியில் நஞ்சைப் பிசைந்து, தட்டைச் சுவரோரம் வைக்கப் போனார். அப்போதுதான் மகள் முஸ்பிறாவின் பச்சைக் குழந்தையைப் பார்க்க மருத்துவமாது தங்கரத்தினம் வந்தார்.

"தட்டில என்ன காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"எலிக்கு மருந்து மிஸி. அரிசியும் திண்டு, சுவரையும் திண்ணுது."

தங்கரத்தினம் சுவரைப் பார்த்தார். குழிகள் ஆளின் நெஞ்சு உயரத்தில் இருந்தன. தூணில் சாய்ந்து நின்ற சபியா உம்மாவைப் பார்த்தார். கிட்டப் போய் அவள் கீழிமையை விரலால் இழுத்தார். உள்ளே சிவப்பே இல்லை, வெள்ளைத் துணியாய் வெளிறிக் கிடந்தது. கையைப் பிடித்துத் திருப்பினார். நகக்கண்ணில் சுவர் மண். சபியா உம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

தங்கரத்தினம் திரும்பிவந்து முகைதீன்பாவாவின் கையிலிருந்த தட்டை வாங்கினார். பையைத் திறந்து ஒரு மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து அதே கையில் வைத்தார்.

"இந்த எலிக்கு ரத்தம் காணாது காக்கா, அதுதான் வெறும் அரிசியும் மண்ணும் கேக்குது. நாளுக்கு ஒரு இரும்புக் குளிசையும் சட்டியில முதல் மீனும் குடுங்க, பூட்டே தேவல்ல."